நான்கு–ஒன்பது, ஒன்பது–நான்கு

பிப்ரவரி 6

மாப்பிள்ளைக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். பதினோரு வருடங்களுக்குப் பிறகு இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கலாமா கிழிக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். என் தங்கை கையில் சிக்கியிருந்தால் யோசனைக்கே இடமிருந்திருக்காது. அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன்.

உறவு கொண்டாட எழுதவில்லை. தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி. நாம் செய்த அந்தச் சிறிய விமானத்தில் பதினான்கு இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதுபார்க்க வந்தது. இறக்கையைக் கழற்றியபோது, உடலோடு அது சேரும் வேர்ப்பகுதியில், பின் உத்தரத்துப் போல்ட் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்ததாக ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதம் என் மேசைக்கு வந்திருக்கிறது. சோதனையில் உடைந்துபோன அந்த முதல் இறக்கையில் அதே இடத்துப் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கத்தில் முடுக்கினார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? சோதனைக் கூடம் உங்கள் பொறுப்பில் இருந்தது என்பதால் கேட்கிறேன்.

இங்கே எல்லாம் மாறிவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னைத் தலைமைக் கணக்கீட்டாளர் ஆக்கினார்கள். அதோடு சரி. இரண்டு முறை எனக்கு மேலே வேறு ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். என் அறை இப்போது கழிப்பறைக்கு அடுத்தது. நான் ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கை, நேற்று வந்தவர்கள் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டு, "இதுக்கா சார் அவ்வளவு நாள்?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. "தங்கச்சி புருஷனுக்கு ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள ஒரு பேனா மை காலி" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு எல்லாம் வேடிக்கை.

பதில் எழுதினால் நல்லது.

மச்சான்


பிப்ரவரி 15

தலைமைக் கணக்கீட்டாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேள்விக்குப் பதில்: எனக்கு நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். எழுதிவைக்கிற ஆள். அளவீட்டுத் தாள்களில் எட்டாவது தாளின் பின்பக்கம் பாருங்கள். பென்சிலில் ஐந்து வரி இருக்கும். வாசகம்கூடச் சொல்கிறேன்:

"ஒன்பதாம் புள்ளியில் சுமை வைக்கும்போது வேரில் மெல்லிய சத்தம். சுமையை எடுத்த பிறகும் டயல் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. மூன்று முறை அளந்தேன், இதேதான் வருகிறது. பின் உத்தரத்துப் போல்ட் துளையில் இணைப்பு நழுவுகிறது என்று சந்தேகம். பார்த்துவிட்டு மேலே போகவும்."

ஆகவே நீங்கள் கேட்டிருப்பது விடை தெரிந்த கேள்வி. அதைக் கேட்க நான்கு நாளும் ஒரு பேனா மையும் செலவானது எதற்கென்று புரிகிறது.

கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். பதினோரு வருடமாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன். கௌரவக் குறைவான வேலை இல்லை. ஆனால் என் வேலை அல்ல. பாலங்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் எனக்கு இடம் தருவதாகச் சொல்கிறார்கள். "கவனக்குறைவான அளவீடு" என்று விசாரணைக் குழு எழுதியது மட்டும் குறுக்கே நிற்கிறது. அது தவறு என்று காட்ட ஓர் ஆவணம் வேண்டுமாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள்.

எனக்கு வேண்டியது அந்த எட்டாவது தாள். விசாரணையில் வைக்கப்பட்டது தட்டச்சு செய்த நகல். அதற்குப் பின்பக்கம் கிடையாது. கையால் எழுதிய மூலம் உங்களிடம்தான் இருந்தது. இருக்கிறதா?

இப்படிக்கு,
முன்னாள் சோதனைப் பொறியாளர்


பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் புதிதில்லை.

மூலத்தாள்கள் எதுவும் இப்போது இல்லை. பழைய ஆவண அறையில் நான்கு வருடங்களுக்கு முன்பு கூரை ஒழுகியது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. நீங்கள் நேர்மையானவர், உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவர் என்று வேண்டுமானால் என் கையெழுத்தில் ஒரு சான்று அனுப்புகிறேன். தலைமைக் கணக்கீட்டாளர் முத்திரையோடு வரும்.

பழையதைக் கிளறுவது என் நோக்கமில்லை. ஆனால் கிளறினால் எல்லாவற்றையும் கிளற வேண்டும். உங்களை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவன் நான். என் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவன் நான். நீங்களும் என் தங்கையும் எல்லாம் முடிவு செய்த பிறகு, கடைசியாகத் தகவல் தெரிந்துகொண்டவனும் நான்தான். அதையும் விழுங்கிக்கொண்டு கல்யாணத்தை முன்னின்று நடத்தினேன். அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது? இயக்குநரும் வெளியாட்கள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து உங்கள் குரல்: "சார், அந்த மைனஸ் அங்க வரக் கூடாது." அறையே சிரித்தது. மைனஸ் அங்கே வரக் கூடாதுதான். வெளியே வந்த பிறகு சொல்லியிருக்கலாம்.

அந்தச் சிரிப்பை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் எழுதிவைக்காமலே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மச்சான்


மார்ச் 1

மச்சானுக்கு,

சான்றிதழ் வேண்டாம். குடிப்பழக்கம் இல்லாதவன் என்று பாலத்துக்கு எழுதிக்கொடுத்துப் பயனில்லை.

கறையான் விஷயத்தை உங்கள் தங்கையிடம் சொன்னேன். இந்தக் கடிதங்களை மறைத்துவைக்க என்னால் முடியவில்லை. அவள் சிரித்தாள். "எங்க அண்ணன் மூணாவது வகுப்புக் கணக்கு நோட்டைக்கூடத் தூக்கிப் போடாத ஆளு. கறையானே வந்தாலும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் தின்ன விடுவார்" என்றாள்.

பிறகு, அப்படி அந்தத் தாளில் என்னதான் இருந்தது என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் கேட்டது இதுதான் முதல் முறை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

இறக்கையில் பன்னிரண்டு புள்ளிகள் குறித்தோம். இறக்கை நெடுக ஓடும் இரண்டு உத்தரங்களில் முன் உத்தரத்தில் ஆறு, பின் உத்தரத்தில் ஆறு. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அளவு சுமையைத் தொங்கவிட்டு, பன்னிரண்டு புள்ளிகளும் எவ்வளவு இறங்குகின்றன என்று டயலில் பார்த்தேன். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பன்னிரண்டு, மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு எண்கள். அந்த எண் கட்டம்தான் அணி. அதை வைத்துத்தான், பறக்கும்போது எந்த உத்தரம் எவ்வளவு சுமக்கும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். அந்த அணிக்கு ஒரு குணம் உண்டு. நான்கில் சுமை வைத்து ஒன்பதில் பார்த்தாலும், ஒன்பதில் சுமை வைத்து நான்கில் பார்த்தாலும் ஒரே எண்தான் வர வேண்டும். இறக்கை ஒழுங்காக இறுகியிருந்தால் வரும். எனக்கு ஒன்று 6.42 மில்லிமீட்டர், மற்றது 5.87. அப்படி நான்கு ஜோடி ஒத்துவரவில்லை.

"ஒத்துவரலைன்னா என்ன அர்த்தம்?" என்றாள்.

"ஒண்ணு, அளந்தவன் முட்டாள். இல்லேன்னா இறக்கைக்குள்ள ஏதோ நழுவுது" என்றேன்.

"எங்க அண்ணன் எதை எடுத்துக்கிட்டார்?"

இந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

தாள் இருக்கிறது.

வீட்டில், என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கூரை ஒழுகியது உண்மை, கறையானும் உண்மை. இந்தத் தாள் அந்த அறைக்குப் போகவேயில்லை.

என்ன செய்தேன் என்று உங்களுக்கு ஏறக்குறைய தெரியும். இருந்தாலும் நான் எழுதியாக வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் நிரல் அணியின் மேல் பாதியை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு பாதியும் ஒன்றுதான் என்பதால், நூற்று நாற்பத்து நான்குக்குப் பதில் எழுபத்தெட்டு அட்டைகள் துளையிட்டால் போதும். சிறு வித்தியாசம் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் போடுவோம். எல்லோரும் செய்வதுதான். ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்றால் அதில் தவறும் இல்லை. இது ஒன்பது விழுக்காடு. 6.42-ஐயும் 5.87-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 6.145 என்று போட்டேன். தாளைத் திருப்பி உங்கள் குறிப்பையும் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தேன். படித்தபோது மனதில் வந்தது, ‘மைனஸ் பிடிக்கத் தெரிந்தவனுக்கு டயல் பார்க்கத் தெரியவில்லை' என்பதுதான். சந்தோஷமாக இருந்தது, மாப்பிள்ளை. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

பின் உத்தரம் நழுவினால் அதன் பங்கும் முன் உத்தரத்தின் தலையில் விழும். என் 6.145 அதை மூடிவிட்டது. பறக்கும்போது வரும் முழுச் சுமையை நூறு என்று வைத்தால், நூற்றைம்பது வரை தாங்க வேண்டிய இறக்கை நூற்றுப்பன்னிரண்டில் முறிந்தது. விசாரணையில், அளவீடுகளை நம்பலாமா என்று என்னைக் கேட்டார்கள். "நாலு–ஒன்பதையும் ஒன்பது–நாலையும் பாருங்க சார், ஒத்தே வரலை. அளந்தவருக்குக் கவனம் போதாது" என்றேன். உங்கள் சரியான எண்களையே எடுத்து உங்கள் மேல் வீசினேன். அடுத்து செய்த இறக்கையில் துளைகள் இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். அது நூற்றைம்பதையும் தாங்கியது. நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பினேன்.

அன்று முறிந்த இறக்கைக்கு அடியில் சிக்கிய ஃபிட்டர் இப்போது வாசலில் நுழைவு டோக்கன் கொடுக்கிறார். இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. தினமும் காலையில் வலது கையால் எனக்கு வணக்கம் வைக்கிறார். நான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டு உள்ளே போகிறேன்.

தாளை என்ன செய்ய? உங்களுக்கு அனுப்பினால் உங்களுக்கு மட்டும் பயன்படும். இயக்குநரிடம் கொடுத்தால் பதினான்கு விமானங்களும் தரையில் நிற்கும், என் பெயரும் அதோடு போகும். கொடுக்க வேண்டும் என்று தெரியும். ஆறு வருடத்தில் ஓய்வு. உங்கள் பதிலுக்குப் பிறகு கொடுக்கிறேன்.

மச்சான்


மார்ச் 16

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் மூன்று நாள் இருந்தது. நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். பாலத்துக்காரர்களுக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை உங்கள் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

விசாரணையில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் யோசித்ததுண்டா? மூலத்தாளைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெருந்தன்மை என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

சோதனை நாளில் பத்துப் பத்தாகச் சுமையை ஏற்றினோம். எண்பதில் வேரில் ‘டக்' என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டால் நிறுத்தி, இறக்கி, பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான். நிறுத்து என்று சொல்லும் உரிமையும் எனக்கு மட்டும்தான். ஃபிட்டர் என்னிடம் வந்து மெதுவாக, "என்னமோ சத்தம் கேட்டுச்சே சார், இறக்கிடவா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே கண்ணாடி அறையில் நீங்கள் இயக்குநருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தீர்கள். என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உடையட்டும் என்று நினைத்தேன். இவர் கண் முன்னாலேயே, இயக்குநர் பக்கத்தில் நிற்கும்போதே உடையட்டும். ஃபிட்டரிடம், "ஏத்து" என்றேன்.

நூற்றுப்பத்தில் ஒன்பதாம் டயலின் முள் சிக்கிக்கொண்டது. அதைத் தட்டிவிட ஃபிட்டர், யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் எல்லைக்கோட்டைத் தாண்டி இறக்கைக்கு அடியில் போனார். போவதை நான் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. எடுத்திருந்தால் குரல் வந்திருக்கும்.

ஆகவே கவனக்குறைவு என்று குழு எழுதியபோது எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. செய்யாத தவறுக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு, செய்ததை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டேன். நீங்கள் எனக்குச் செய்த அநியாயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது, பாருங்கள்.

தாளை இயக்குநரிடம் கொடுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பதினான்கும் பறந்துகொண்டிருக்கின்றன.

மாப்பிள்ளை


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். திட்டலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது நிம்மதி. இத்தனை வருடம் ஒற்றை ஆளாகத் தூக்கியதற்கு இன்னொரு தோளும் உண்டு என்று தெரிந்த நிம்மதி. அடுத்த நிமிடம் அதற்காக வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

துளையின் அளவு சரியில்லை என்று ஆய்வாளர் அறிக்கையின் மேல் எழுதி, பதினான்கையும் பறக்கவிடாமல் நிறுத்திவைக்கச் சொல்லி நேற்றே அனுப்பிவிட்டேன். அதற்குத் தாள் தேவைப்படவில்லை, துளையே போதும். இன்று காலை உத்தரவு போய்விட்டது. மிச்சம் இருப்பது பழைய கதை மட்டும். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன். சரியென்றால் இருவரும் கையெழுத்திடுவோம்:

"முதல் இறக்கையின் அளவீட்டுக் குறிப்பு உரிய கவனம் பெறாமல் போனதிலும், சோதனை நடத்தப்பட்ட விதத்திலும், கணக்கீட்டுப் பிரிவு, சோதனைப் பிரிவு ஆகிய இரு தரப்பிலும் சில குறைபாடுகள் இருந்தன. இவற்றுக்கு இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்கிறோம்."

இதில் உங்கள் அளவீடு தவறில்லை என்பதும் வந்துவிடுகிறது, பாலத்துக்காரர்களுக்குப் போதும். அந்த ‘ஏத்து' என்ற சொல்லும், கண்ணாடி அறையும், மைனஸும் வெளியாருக்கு எதற்கு? எனக்கும் ஓய்வூதியம் தப்பிக்கும் என்று என் மனைவி சொல்கிறாள். முப்பத்தொன்றுக்குள் உங்களுக்கு வேண்டும் என்பதால் உடனே பதில் போடுங்கள்.

மச்சான்


மார்ச் 27

மச்சானுக்கு,

விமானங்களை நிறுத்தியதற்கு நன்றி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாசகத்தை நான்கு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மழமழவென்று இருக்கிறது, கையில் எதுவும் குத்தவில்லை. மச்சான், இது மறுபடியும் 6.145. அப்படி ஓர் எண்ணை யாரும் எந்த டயலிலும் பார்த்ததில்லை. நான் பார்த்தது 6.42. அப்புறம் 5.87.

சராசரி எடுக்காதீர்கள். நீங்கள் செய்ததை நீங்கள் எழுதுங்கள்: குறிப்பைப் படித்தேன், மறைத்தேன், விசாரணையில் இப்படிச் சொன்னேன் என்று. நான் செய்ததை நான் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சத்தம் கேட்டது, ஃபிட்டர் சொன்னது, நான் மேலே பார்த்தது, ‘ஏத்து' என்றது, எல்லாம் இருக்கிறது. உங்களுடையதைக் காட்டி என்னுடையதைக் குறைக்க வேண்டாம். என்னுடையதைக் காட்டி உங்களுடையதையும். இரண்டு தாளையும் எட்டாவது தாளோடு வையுங்கள்.

பாலத்துக்காரர்களுக்கும் என் தாளின் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். சத்தம் கேட்டும் ஏற்றச் சொன்னவனை அவர்கள் எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

உங்கள் தங்கைக்கு எல்லாம் தெரியும் இப்போது. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தத்தில் மட்டும் பேச்சு. நேற்று நான் தெரியாத்தனமாக, "இவ்வளவு நாள் அண்ணனை மட்டும் திட்டினியே, அதுல பாதி எனக்கு வர வேண்டியது" என்றேன், சமாதானத்துக்காக. அவள் திரும்பி, "பாதியெல்லாம் கிடையாது. அவருக்குக் குடுத்ததை நான் திரும்ப வாங்கப் போறதில்லை. உங்களுக்குத் தனியா இருக்கு" என்றாள்.

உங்கள் குடும்பத்தில் கணக்கு நன்றாகத் தெரிந்தவள் அவள்தான்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

கொடுத்துவிட்டேன். இரண்டு தாளும், எட்டாவது தாளும். என்னுடையதை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரைவிலும் எங்காவது ஒரு ‘ஆனால்' நுழைந்துகொண்டது. இயக்குநர் மாறியதைப் பற்றி ஒரு வரி, அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி. ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சியது.

இயக்குநர் புதியவர், சின்ன வயது. படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "சார், நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். பாராட்டா, புகாரா, தெரியவில்லை. மறுநாள் பணி இடைநீக்க உத்தரவு வந்தது.

உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் ஃபிட்டர் இருந்தார். அவரைத் தாண்டிப் போக முடியாது என்று தோன்றியது. அவருடைய கூண்டுக்குள் இன்னொரு ஸ்டூல் உண்டு. உட்கார்ந்து இரண்டு தாளின் நகலையும் படித்துக் காட்டினேன். முதலில் என்னுடையது, பிறகு உங்களுடையது. நடுவில் ஒரு லாரி வந்தது. எழுந்து டோக்கன் கொடுத்துவிட்டு வந்து, "ம், சொல்லுங்க" என்றார்.

முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "சத்தம் கேட்டுச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு வந்து எழுதி வாங்கினாங்க சார். மஞ்சக் கோட்டைத் தாண்டினது என் தப்புன்னு. சத்தத்தைப் பத்தியும் எழுதுங்கன்னேன். அப்படியெதுவும் யாரும் சொல்லலைன்னாங்க. நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, கேட்டுச்சா, இல்லை நானா நினைச்சுக்கிட்டேனான்னு. வீட்டுலயும் என் தப்புன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை, நம் இருவருடைய கணக்கிலும் இந்த எண் இல்லை. நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், செய்யாத குற்றத்தை அந்த மனிதர் பதினோரு வருடம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மன்னிப்பு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் வலது கையை நீட்டினார். கை குலுக்க என்று நினைத்து நானும் நீட்டினேன். "டோக்கன் சார். உள்ள வேலை இருக்கறவங்ககிட்டதான் இருக்கணும்" என்றார்.

கொடுத்தேன். அவர் வணக்கம் வைக்கவில்லை. எனக்கு அது சரியாகப் பட்டது.

கழற்றிய இறக்கையில் அந்த நூற்று நாற்பத்து நான்கையும் திரும்ப அளக்க வேண்டுமாம். யாரை வைத்து என்று இயக்குநர் என்னைக் கேட்டார், இடைநீக்கம் செய்தவனையே. பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும், பழைய கைதான் வேண்டும், ஆனால் அவர் செய்ததையும் படித்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். உங்களுக்குக் கடிதம் வரும். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

மச்சான்


மே 19

மச்சானுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் தங்கியிருக்கிறேன். இருந்தும் கடிதம். நேரில் வந்தால் நீங்கள் டீ போடச் சொல்வீர்கள், நான் வேண்டாம் என்பேன், அதிலேயே மாலை போய்விடும்.

பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறேன். முடிந்ததும் என் தராசுகளுக்குத் திரும்ப வேண்டும். பாலத்துக்காரர்கள் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள்.

இங்கே வந்ததும் ஒன்று கேட்டேன்: அளக்கும்போது ஃபிட்டர் என் பக்கத்தில் நிற்க வேண்டும், யார் ‘நிறுத்து' என்றாலும் நிறுத்த வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். அவர் முதலில் வர மறுத்தார். "வாசலை யார் பார்க்கறது?" என்றார். இரண்டாம் நாள் வந்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னபோதும் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஒன்பதாம் புள்ளி. பாதிச் சுமை ஏறியிருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர், "சத்தம்" என்றார். நிறுத்தினேன். எல்லாவற்றையும் இறக்கினோம். அரை நாள் போயிற்று. வேரைத் திறந்து பார்த்தால் போல்ட்டின் மேல் புதிதாக ஒரு தேய்மானக் கோடு, நகக்கீறல் அளவுக்கு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கேட்டுச்சுல்ல" என்றார், என்னிடம் இல்லை, போல்ட்டிடம்.

உங்கள் தங்கை சனிக்கிழமை வருகிறாள். உங்களைப் பார்க்க வரவில்லையாம். வீட்டைப் பார்க்க வருகிறாளாம். நீங்கள் வீட்டில் இருந்தால் அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லச் சொன்னாள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

எண்கள்: நான்கில் சுமை, ஒன்பதில் 7.10. ஒன்பதில் சுமை, நான்கில் 6.02. மூன்று முறை அளந்தேன். சத்தத்தைப் பற்றிய குறிப்பையும் எழுதி, முதலில் கேட்டவர் என்று ஃபிட்டரின் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறேன். இந்த முறை மையில் எழுதினேன். தாளின் முன்பக்கத்தில்.

மாப்பிள்ளை